இதயத்துக்கு யார் சோறு போடுவது?



இரத்த ஓட்டப் பாடம் முடிந்து, "சந்தேகம் இருந்தா கேளுங்க" என்று சொன்னால் பெரும்பாலும் வகுப்பு அமைதியாகிவிடும். மணி அடிக்க இன்னும் எத்தனை நிமிடம் என்பதுதான் பலருடைய சந்தேகமாக இருக்கும். ஆனால் ஒரு நாள் பின்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"டீச்சர், இதயத்துக்குள்ள எப்பவும் இரத்தம் நிறைஞ்சுதானே இருக்கு? அப்புறம் எப்படி இதயத்துக்கு இரத்தம் பத்தலன்னு சொல்றாங்க? எங்க தாத்தாவுக்கு அப்படித்தான் சொன்னாங்க."

மெதுவாக விசாரித்தேன். தாத்தா தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறும்போது பாதிப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். ஐந்து நிமிடம் உட்கார்ந்ததும் வலி போய்விட்டது. "காத்து புடிச்சிருக்கும்" என்று தைலம் தேய்த்துக்கொண்டு மறுபடியும் ஏறியிருக்கிறார். அதற்கு முந்தின வருடமும் அப்படித்தானாம். இரண்டு மாதம் கழித்து வீட்டு மாடிப்படியிலேயே வலி வந்தது. அதன் பிறகுதான் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். இப்போது ஸ்டென்ட் வைத்திருக்கிறார்.

"நாளைக்குச் சொல்றேன்பா" என்று அன்றைக்குச் சமாளித்துவிட்டேன். அந்தப் பதிலைத் தேடிப் படித்தபோதுதான் பையன் எவ்வளவு சரியான கேள்வி கேட்டிருக்கிறான் என்று புரிந்தது. நம் வகுப்புகளில் இந்தக் கேள்வி மறுபடியும் வரும். வராவிட்டால் நாமே எழுப்பலாம். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

பந்தி பரிமாறுகிறவரின் பசி

கல்யாண வீட்டில் ஆயிரம் பேருக்குப் பரிமாறுகிறவர் கையில் எப்போதும் சாம்பார் வாளி இருக்கும். அதற்காக அவர் வயிறு நிறைந்துவிடுமா? அவருக்கென்று ஒரு இலை போட்டு, யாராவது பரிமாற வேண்டும். இதயத்தின் நிலையும் அதுதான்.

இதயத்தின் அறைகளுக்குள் இரத்தம் நிரம்பி ஓடுகிறது. ஆனால் இடது கீழறையின் தசைச்சுவர் ஏறக்குறைய 1 செ.மீ. தடிப்பானது. உள்ளே ஓடும் இரத்தத்திலிருந்து உயிர்வளி ஊடுருவிப் போகக்கூடிய தூரம் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். சுவரின் உட்புற ஓரத்துக்கு மட்டும் கொஞ்சம் கிடைக்கும். மீதித் தசைக்கு எதுவும் போய்ச் சேராது.

அதனால் இதயம் தனக்கென்று தனிக் குழாய்கள் வைத்திருக்கிறது. பெருந்தமனி இதயத்தை விட்டு வெளியேறும் அந்த முதல் இடத்திலேயே வலது, இடது என இரண்டு இதயத் தமனிகள் பிரிகின்றன. அவை இதயத்தின் மேற்பரப்பில் கிரீடம் போலச் சுற்றி, கிளை கிளையாகப் பிரிந்து, தசைக்குள் இறங்குகின்றன. தாத்தாவுக்குப் பற்றாமல் போனது இந்தக் குழாய்களில் ஓடும் இரத்தம்தான். அறைகளுக்குள் இருந்த இரத்தத்துக்கு ஒரு குறையும் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு. பெரியவர் ஒருவர் ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அதில் ஏறக்குறைய 250 மில்லிலிட்டர், அதாவது 5 சதவீதம், இதயத் தசைக்கே திரும்பிவிடுகிறது. இதயத்தின் எடையோ 300 கிராம் அளவுதான். உடல் எடையில் அரை சதவீதம். எடைக்குப் பத்து மடங்கு பங்கு! பேராசை என்று நினைக்க வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு லட்சம் முறை சுருங்கும் தசைக்கு அவ்வளவு தேவை.

மிச்சம் வைக்காத உறுப்பு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

நல்ல நிலையில் உள்ள 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் சுமார் 20 மில்லிலிட்டர் உயிர்வளி இருக்கிறது. ஓய்வு நேரத்தில் உடல் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், அதில் 5 மில்லிலிட்டர்தான் பயன்படுகிறது. மீதி 15 அப்படியே திரும்பி வருகிறது. கால் தசை ஓடும்போது கூடுதலாக வேண்டுமா? ஓடுகிற இரத்தத்திலிருந்தே இன்னும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். கையில் சேமிப்பு இருக்கிறது.

இதயத் தசைக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. ஓய்வாக இருக்கும்போதே வந்த 20-ல் 14, 15 மில்லிலிட்டரை எடுத்துக்கொள்கிறது. இலையை ஏற்கெனவே வழித்துச் சாப்பிட்டாயிற்று. பசி கூடினால் அதே இலையில் இன்னும் என்ன கிடைக்கும்? அடுத்த இலை வேண்டும். அதாவது, ஒவ்வொரு நிமிடமும் வரும் இரத்தத்தின் அளவே கூட வேண்டும்.

இதயத்துக்கு இருக்கும் ஒரே பெரிய வழி இதுதான். நல்ல இதயம் இதை நன்றாகவே செய்கிறது. கடும் உழைப்பின்போது இதயத் தசைக்குப் போகும் இரத்தம் நான்கைந்து மடங்கு கூடும். 250 மில்லிலிட்டர் இருந்த இடத்தில் ஒரு லிட்டர் ஓடும். ஓய்வு அளவுக்கும் உச்ச அளவுக்கும் இடையே இருக்கும் இந்த இடைவெளியை 'இருப்பு' என்று வைத்துக்கொள்வோம். கட்டுரை முழுக்க இந்த இருப்பைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

குழாயைக் கொஞ்சம் திறந்தால் போதும்

நான்கு மடங்கு இரத்தம் வர, குழாய் நான்கு மடங்கு அகலமாக வேண்டும் என்று மாணவர்கள் நினைப்பார்கள். நாமும் அப்படித்தான் நினைப்போம். ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டின் புவாசேய் மெல்லிய குழாய்களில் நீரோட்டத்தை அளந்து ஓர் உண்மையைக் கண்டார். அழுத்தம் மாறாமல் இருந்தால், ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்து மாறும்.

ஆரம் 20 சதவீதம் கூடினால் என்ன ஆகும்? 1.2-ஐ நான்கு முறை பெருக்கிப் பாருங்கள்: 2.07. ஓட்டம் இரண்டு மடங்கு! ஆரம் 40 சதவீதம் கூடினால் ஏறக்குறைய நான்கு மடங்கு. இரத்தம் சாதாரண நீரைவிடச் சிக்கலான பொருள் என்றாலும் இந்தக் கணக்கு திசையைச் சரியாகக் காட்டுகிறது.

இந்தத் திறப்பும் மூடலும் கண்ணுக்குத் தெரியும் பெரிய இதயத் தமனிகளில் அதிகம் நடப்பதில்லை. தசைக்குள் புதைந்திருக்கும் மயிரினும் மெல்லிய சிறு தமனிகளில்தான் நடக்கிறது. அவற்றின் சுவரில் வளையம் வளையமாகத் தசை இருக்கிறது. வளையம் இறுகினால் ஓட்டம் குறையும், தளர்ந்தால் கூடும். பெரிய தமனி தெருவில் போகும் தலைக்குழாய் என்றால், சிறு தமனிகள் வீட்டு வீட்டுக்கு இருக்கும் பைப்.

பைப்பைத் திறப்பது யார்?

"மூளைதான் கட்டளை போடும்" என்று சொல்லத் தோன்றும். நரம்புகளுக்கும் ஹார்மோன்களுக்கும் இதில் பங்கு உண்டுதான். ஆனால் மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களைப் பாருங்கள். அறுவையின்போது அந்த இதயத்துக்கு வரும் நரம்புகள் துண்டிக்கப்பட்டுவிடுகின்றன. அப்படியும் வேலை கூடும்போது அதன் தசைக்கு இரத்தம் கூடுதலாக வரத்தான் செய்கிறது. அப்படியானால் பெரும்பாலான முடிவு அங்கேயே, அந்தந்தத் தசையிலேயே எடுக்கப்படுகிறது. எங்கே பசியோ அங்கேயே பைப் திறக்கிறது.

பசி எப்படிச் செய்தியாக மாறுகிறது? 1929-ல் கேம்பிரிட்ஜில் ட்ரூரி, சென்ட்-ஜார்ஜி என்ற இருவர், இதயத் தசையிலிருந்து எடுத்த சாற்றை விலங்குகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். இதயத் துடிப்பு மெதுவானது. இதயத் தமனிகள் விரிந்தன. அந்த வேலையைச் செய்தது அடினோசின் வகைப் பொருள். பிறகு 1963-ல் அமெரிக்க உடலியல் அறிஞர் ராபர்ட் பெர்ன், உயிர்வளி குறைந்த இதயத்தில் இந்த அடினோசின்தான் தூது போகிறது என்ற கருத்தை முன்வைத்தார்.

அந்தக் கருத்து அழகானது. வகுப்பில் கதையாகவே சொல்லலாம்.

தசைச் செல்லின் கைச்செலவுப் பணம் ஏடிபி. சுருங்க வேண்டுமா, ஏடிபி கொடு. விரிய வேண்டுமா, அதற்கும் கொடு. உயிர்வளி இருக்கும்வரை செலவான ஏடிபி உடனுக்குடன் மறுபடி உருவாகிவிடும். உயிர்வளி குறைந்தால் வரவு குறையும், செலவு நிற்காது. ஏடிபி உடைந்து உடைந்து, கடைசியில் அடினோசின் மிஞ்சும். அது செல்லை விட்டு வெளியே கசிந்து, பக்கத்துச் சிறு தமனியின் சுவரைத் தொடும். வளையத் தசை தளரும். குழாய் திறக்கும். இரத்தம் கூடுதலாகப் பாயும்.

இனிமேல்தான் சிறப்பு. புதிதாக வந்த இரத்தம் உயிர்வளி கொண்டுவருகிறது. அதனால் அடினோசின் உருவாவது குறைகிறது. ஏற்கெனவே இருந்ததையும் இரத்தம் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. இரத்தத்தில் அடினோசின் பத்து விநாடி கூடத் தாக்குப்பிடிப்பதில்லை. பசி தீர்ந்ததும் பைப் தானாகக் குறைகிறது. யாரும் போய் மூட வேண்டியதில்லை.

ஒருவர் வராவிட்டால் இன்னொருவர்

இத்தோடு கதை முடிந்திருந்தால் தேர்வுக்கு எழுத வசதியாக இருந்திருக்கும். ஆனால் பின்னால் வந்த ஆய்வாளர்கள் அடினோசினின் வேலையை மருந்தால் தடுத்துப் பார்த்தார்கள். அப்படியும் உடற்பயிற்சியின்போது நல்ல இதயத்தில் இரத்த ஓட்டம் கூடத்தான் செய்தது. ஆக, அடினோசின் தனி ஆள் இல்லை. உயிர்வளி உண்மையிலேயே தட்டுப்படும்போதுதான் அதன் பங்கு பெரிதாகிறது.

கூட வேலை செய்பவர்கள் யார் யார்? தசை உழைக்கும்போது கூடும் கரிவளியும் அமிலத்தன்மையும் குழாயை விரிக்கும். அடுத்து, ஏடிபி குறைந்தால் திறந்துகொள்ளும் பொட்டாசியக் கதவுகள். 1983-ல் ஜப்பானின் அகினோரி நோமா இவற்றை இதயத் தசைச் செல்லில் கண்டார். பிறகு இரத்தக் குழாயின் தசையிலும் இவை இருப்பது தெரிந்தது. இந்தக் கதவு திறந்தால் பொட்டாசியம் வெளியேறும், கால்சியம் உள்ளே வருவது குறையும், தசை தளரும்.

இன்னொன்று நைட்ரிக் ஆக்சைடு. இரத்தம் வேகமாக உரசிக்கொண்டு ஓடும்போது குழாயின் உட்சுவர் இந்த வாயுவைச் சுரந்து குழாயை விரிக்கிறது. இதைக் கண்டறிந்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்சுவலிக்காரர்கள் நாக்கின் அடியில் வைத்துக்கொள்ளும் நைட்ரோகிளிசரின் மாத்திரை உடலில் தருவதும் இதே வாயுவைத்தான். நைட்ரோகிளிசரினில் வெடிமருந்து செய்து பணம் சேர்த்த ஆல்ஃபிரட் நோபலுக்கே, 1896-ல், இதய நோய்க்காக மருத்துவர்கள் அதைப் பரிந்துரைத்தார்கள். மாணவர்களுக்கு இந்தத் துணுக்கு மறக்கவே மறக்காது.

நம்மூருக்கு நெருக்கமான ஒரு செய்தியும் உண்டு. இதயத்தின் இருப்பைச் சோதிக்க மருத்துவர்கள் சில சமயம் அடினோசினையே ஊசி வழியாகச் செலுத்திப் படம் எடுப்பார்கள். அதற்கு முன் "காப்பி, டீ குடிக்காம வாங்க" என்று கண்டிப்பாகச் சொல்வார்கள். ஏன் தெரியுமா? காப்பியிலும் டீயிலும் உள்ள காஃபின், அடினோசின் போய் உட்கார வேண்டிய இருக்கையில் முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு தே தாரிக் குடித்துவிட்டுப் போனால் சோதனையே தவறாகிவிடலாம்.

இரண்டு துடிப்புக்கு நடுவில்தான் சாப்பாடு

மற்ற உறுப்புகளுக்கு இதயம் சுருங்கும்போது இரத்தம் பாய்கிறது. இடது கீழறையின் தசைக்கு அப்படி இல்லை. அது சுருங்கும்போது தனக்குள் ஓடும் குழாய்களையே நசுக்கிக்கொள்கிறது. அது தளரும் இடைவேளையில்தான் அதற்குப் பெரும்பகுதி இரத்தம் கிடைக்கிறது.

துடிப்பு நிமிடத்துக்கு 75 என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 விநாடி. அதில் சுருக்கம் 0.3, தளர்வு 0.5. துடிப்பு 180 ஆனால் ஒரு துடிப்புக்கு 0.33 விநாடிதான். சுருக்கத்துக்கு 0.2 போனால் தளர்வுக்கு 0.13 மிஞ்சுகிறது. வேலை கூடுகிறது, சாப்பிடும் நேரம் குறைகிறது! அந்தக் குறுகிய நேரத்துக்குள் தேவையானதை வாங்கிக்கொள்ள வேண்டுமென்றால், குழாய்கள் நன்றாகத் திறந்தே ஆக வேண்டும்.

இதயத்துக்கு உயிர்வளி தட்டுப்படுவது மூன்று வகையில் நடக்கலாம்: தேவை கூடுவது, இரத்தத்திலேயே உயிர்வளி குறைவது, குழாய் அடைபடுவது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தேவை கூடும்போது: 513 படிகள்

தண்ணீர்மலை அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயத்துக்கு ஏற 513 படிகள். நல்ல இதயம் உள்ளவர் ஏறும்போது மூச்சு வாங்கும், வேர்க்கும், இதயம் படபடக்கும். ஆனால் இதயத் தசைக்குப் பசி தெரியாது. மேலே சொன்ன தூதர்கள் எல்லாரும் சேர்ந்து சிறு தமனிகளைத் திறந்துகொண்டே இருப்பார்கள். உச்சியில் நின்று கும்பிடும்போதும் இருப்பில் கொஞ்சம் பாக்கி இருக்கும்.

இரத்தத்தில் உயிர்வளி குறையும்போது: எவரெஸ்ட்

1997 மே 23-ஆம் தேதி எம். மகேந்திரனும் என். மோகன்தாசும் எவரெஸ்ட் உச்சியில் கால் வைத்தார்கள். மலேசியாவிலிருந்து அந்த உச்சியைத் தொட்ட முதல் இருவரும் தமிழர்கள் என்பது நம் பிள்ளைகளுக்குச் சொல்லியே ஆக வேண்டிய செய்தி. எத்தனை வகுப்பில் சொல்கிறோம்?

8,848 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். இங்கே ஒரு தவறான கருத்தைத் திருத்திவிடலாம்: மலை உச்சியிலும் காற்றில் உயிர்வளி 21 சதவீதம்தான். சதவீதம் குறைவதில்லை, காற்றே மெலிந்துவிடுகிறது. நம் கொடிமலையில், 833 மீட்டரில், அழுத்தம் பத்தில் ஒரு பங்கு அளவே குறையும். நமக்குத் தெரியவே தெரியாது. கினபாலு உச்சியில், 4,095 மீட்டரில், கடல்மட்ட அழுத்தத்தில் சுமார் 60 சதவீதம்தான் இருக்கும். அங்கே தலைவலியும் மூச்சிரைப்பும் வருவதில் ஆச்சரியம் இல்லை.

இரத்தத்தில் உயிர்வளி குறைந்தால் ஒவ்வொரு இலையிலும் சோறு குறைவு. இலைகளின் எண்ணிக்கையைக் கூட்டித்தான் ஈடுகட்ட வேண்டும். மலையேறிய முதல் நாட்களில் இதயத் தசைக்கான இரத்த ஓட்டம் கூடுகிறது.

1985-ல் அமெரிக்காவில் எட்டு இளைஞர்களைக் காற்றழுத்தத்தைக் குறைக்கக்கூடிய ஓர் அறைக்குள் 40 நாள் வைத்து, படிப்படியாக எவரெஸ்ட் உச்சியின் நிலைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கடும் உழைப்பின்போது அவர்களுடைய தமனி இரத்தத்தில் உயிர்வளி நிறைவு ஏறக்குறைய பாதியாகிவிட்டது. ஆனாலும் இதயத் தசை பட்டினி கிடந்ததற்கான அடையாளம் அவர்களுடைய ஈசிஜியில் தெரியவில்லை. குழாய்கள் நன்றாக இருந்தன. அது மட்டுமல்ல, உயரத்தில் இதயத்தின் உச்சத் துடிப்பும் குறைந்துவிடுகிறது. கையில் வரவு குறைந்தால் செலவையும் குறைத்துக்கொள்ளும் குடும்பம் மாதிரி.

மலை ஏறாமலேயே இந்த நிலை வருவதுண்டு. இரத்தசோகையில் ஹீமோகுளோபின் பாதியாகிவிட்டால், உட்கார்ந்திருக்கும்போதே இதயத் தசைக்கு ஏறக்குறைய இரட்டிப்பு ஓட்டம் தேவைப்படும். இருப்பில் ஒரு பகுதி அங்கேயே கரைந்துவிடும். சிகரெட் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடும் ஹீமோகுளோபினில் இடம்பிடித்து உயிர்வளியை வெளியே தள்ளுகிறது.

குழாய் அடைபடும்போது: தாத்தாவின் கதை

எவரெஸ்ட் நிலையில் வைக்கப்பட்ட அந்த இளைஞர்களின் இதயம் தாங்கியது. தாத்தாவின் இதயம் ஏன் தண்ணீர்மலையில் தாங்கவில்லை?

பெரிய இதயத் தமனியின் சுவரில் பல ஆண்டுகளாகக் கொழுப்புப் படிந்து குழாய் குறுகுகிறது. ஓட்டம் குறையப்போகிறது என்றதும், கீழே உள்ள சிறு தமனிகள் தங்கள் பைப்பைத் திறந்துகொள்கின்றன. ஓய்வு நேர ஓட்டம் பழையபடியே இருக்கும். ஆளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் உழைப்புக்கு என்று வைத்திருந்த இருப்பு, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே செலவாகிக்கொண்டிருக்கிறது.

1974-ல் லான்ஸ் கௌல்ட் என்ற இதய மருத்துவர் நாய்களின் இதயத்தில் இதை அளந்து காட்டினார். தமனியின் விட்டம் பாதியளவு குறுகும்போதே உச்ச ஓட்டம் குறையத் தொடங்கிவிடுகிறது. ஆனால் ஓய்வு நேர ஓட்டம் குறைய, ஏறக்குறைய 85 சதவீதம் குறுக வேண்டியிருந்தது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் எத்தனையோ பேர் "எனக்கு ஒன்னுமில்ல" என்று நடமாடிக்கொண்டிருக்கிறார்கள்.

இதனால் மூன்று விஷயங்கள் புரிகின்றன.

ஒன்று: நடந்தால், படி ஏறினால் நெஞ்சு இறுகுவதும், நின்றால் சரியாவதும் ஏன் என்று தெரிகிறது. நின்றதும் தேவை குறைகிறது. இருக்கும் ஓட்டமே போதுமானதாகிறது. வலி போய்விட்டது என்பது நோய் போய்விட்டது என்பதற்கு அடையாளம் இல்லை. அந்த வலி வந்து போகும் விதமே நோயின் அடையாளம்.

இரண்டு: படுத்த நிலையில் எடுத்த ஈசிஜி சரியாக இருந்தாலும் பிரச்சினை இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஓய்வில் ஓட்டம் குறையாதபோது அது எதைக் காட்டும்? அதனால்தான் ஓட்டப் பட்டையில் நடக்கவைத்தோ, மருந்து கொடுத்தோ சோதிக்கிறார்கள்.

மூன்று: வலி வரும் தூரம் குறைந்துகொண்டே வருவது ஆபத்து. பாதி மலையில் வந்த வலி வீட்டு மாடிப்படியில் வருகிறது என்றால் இருப்பு வேகமாகக் கரைகிறது என்று அர்த்தம்.

மாரடைப்பு இதற்கு அடுத்த கட்டம். கொழுப்புப் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து, குழாய் முழுவதும் மூடிக்கொள்கிறது. அப்போது அடினோசின் எவ்வளவு கூவினாலும் திறப்பதற்கு வழி இல்லை. முழு அடைப்பு ஏற்பட்டு 20, 30 நிமிடத்தில் தசை சாகத் தொடங்கும். முதலில் உட்புறத் தசை. பிறகு மணிக்கணக்கில் வெளிப்புறம் நோக்கிப் பரவும். அதனால்தான் "நேரமே தசை" என்கிறார்கள் மருத்துவர்கள். அதிகம் குறுகாத குழாயிலும் படிவு வெடிக்கலாம். ஆகவே படி நன்றாக ஏறுகிறவருக்கும் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனைகள் வேண்டும்.

நாம் கூடுதல் கவனமாக இருக்கக் காரணம் உண்டு. 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வில், தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53; மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59. ஐந்தாறு வருடம் முன்கூட்டியே! ஆனால் புகை, சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு, உடலுழைப்பின்மை போன்ற காரணங்களே இந்த வித்தியாசத்தில் பெரும்பகுதியை விளக்கின என்றும் அதே ஆய்வு சொன்னது. விதி என்று விட்டுவிட வேண்டியதில்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் மூச்சிரைப்பு, களைப்பு மட்டும் வரலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வகுப்பறைக்கு

*முழங்கை அடையாளம்.* மாணவர்கள் முழங்கையைத் தொடைமேல் ஊன்றி ஐந்து நிமிடம் கதை கேட்கட்டும். எடுத்ததும் தொடையில் அழுந்திய இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் வெளுப்பு, பிறகு சிவப்பு. பசார் பையின் மெல்லிய பிடி விரலில் பதிந்து, பையைக் கீழே வைத்ததும் சிவப்பதும் இதேதான். இரத்தம் தடைபட்ட இடத்தில் குழாய்கள் திறந்துகொண்டன. தடை நீங்கியதும் கூடுதல் இரத்தம் பாய்கிறது. இதயத் தமனியைச் சில விநாடி அடைத்துத் திறந்தாலும் ஓட்டம் இப்படித்தான் பல மடங்கு பாயும். விரலில் ரப்பர் வளையம் மாட்டிச் செய்ய வேண்டாம்.

*இரண்டு உறிஞ்சுகுழாய்.* ஒரே அளவு தண்ணீர், ஒன்று மெல்லிய உறிஞ்சுகுழாய், இன்னொன்று பபிள் டீ உறிஞ்சுகுழாய். யார் முதலில் குடிக்கிறார்கள்? விட்டத்தை அளந்து, நேரத்தைக் குறித்து, அட்டவணை போடச் சொல்லுங்கள். நான்காம் அடுக்கு ஆரம்பப் பள்ளிக்கு வேண்டாம். 'கொஞ்சம் அகலம், நிறைய ஓட்டம்' என்பது போதும்.

*துடிப்புக் கணக்கு.* உட்கார்ந்து ஒரு நிமிடம் நாடி எண்ணுதல், நின்ற இடத்தில் ஒரு நிமிடம் ஓடி மறுபடி எண்ணுதல், மூன்று நிமிடம் கழித்து இன்னொரு முறை. 60-ஐ நாடித் துடிப்பால் வகுத்தால் ஒரு துடிப்புக்கு எத்தனை விநாடி என்று கிடைக்கும். இதயத்தின் 'சாப்பாட்டு நேரம்' எப்படிச் சுருங்குகிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். இதய நோய், ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு நேரம் குறிக்கும் பொறுப்பைக் கொடுங்கள்.

*வீட்டுப்பாடம்.* வீட்டில் உள்ள பெரியவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு வரச் சொல்லுங்கள்: "படி ஏறும்போது நெஞ்சுல ஏதாச்சும் பண்ணுதா? நின்னா சரியாயிடுதா?" பதிலை வகுப்பில் வாசிக்க வேண்டாம்; அது அவர்கள் வீட்டு விஷயம். "ஆமாம்" என்று பதில் வந்தால் மருத்துவரிடம் போகும்படி சொல்லவும், ஓய்வெடுத்தும் வலி நீங்காவிட்டால் உடனே 999-ஐ அழைக்கவும் பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் போதும்.

மறுநாள் அந்தப் பையனிடம் பந்தி பரிமாறுகிறவர் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்போ தாத்தாவுக்குப் போன வருஷமே பசிச்சிருக்கு. எங்களுக்குத்தான் தெரியல" என்றான். நான் மேற்கொண்டு விளக்க வேண்டியிருக்கவில்லை.